பாட்டி தட்டில் கத்தரிக்காய்: ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒரு வயது ஏழு மாதம், எடை 9.2 கிலோ. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியும் மாமாவும் (கணவரின் பெற்றோர்) இருக்கிறார்கள். ஐந்து வயதுவரை மசாலா எதுவும் ஆகாது என்று எங்கோ படித்திருக்கிறார். அதனால் பிள்ளைக்கென்று தனியாகச் சோறும் பருப்பும் கேரட்டும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறார். பிள்ளை இரண்டு வாய்க்கு மேல் வாங்குவதில்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை ஓடிப்போய் அவர் தட்டில் கைவிட்டு, கத்தரிக்காய்த் தீயலில் (வறுத்தரைத்த தேங்காய்ப் புளிக்குழம்பு) இருந்து இரண்டு மூன்று துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. இன்னும் வேண்டும் என்று அழுதிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றியும் கன்னத்திலும் சிவந்துவிட்டது. மாமி முகம் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவியதும் அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. வேறு தொந்தரவு இல்லை. அன்றிலிருந்து மாமி, "கத்தரிக்கா கரப்பானாக்கும், பிள்ளைக்க வாயில காட்டப்படாது" என்கிறார். தாய்க்கோ, கறுத்த தோல் உள்ள காயில் இரும்புச் சத்து அதிகம், அதை நிறுத்தினால் இரத்தம் குறைந்துபோகுமே என்று கவலை. ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய வேண்டுமா, காரம் இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: "பால் மட்டும் நல்லா குடிக்கும் டாக்டர், ஒரு நாளைக்கு நாலு பாட்டில்."

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கத்தரிக்காய்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: உங்கள் மகள் கத்தரிக்காய் சாப்பிடலாம். பயத்தோடு விலக்கி வைக்க வேண்டிய அவசியம், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இதற்கு முன் ஏதாவது சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்திருந்தாலோ, அடிக்கடி மூச்சிழுப்பு வருகிற பிள்ளையாக இருந்தாலோ, தோலில் ஆறாத கரப்பான் இருந்தாலோ, கீழே சொல்வதைச் செய்வதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சிவந்தது கத்தரிக்காயாலா, தீயலாலா?

தீயலில் என்னென்ன சேர்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுக்க வறுத்த தேங்காய், வத்தல் (காய்ந்த மிளகாய்), மல்லி, புளி. இந்த வயதில் பிள்ளைக்கு வாயோரம் எப்போதும் எச்சில் ஈரம் இருக்கும். ஈரமான மெல்லிய தோலில் வத்தலின் எரிப்பும் புளியின் புளிப்பும் சேர்ந்து பட்டால் சிவக்கத்தான் செய்யும். தக்காளி சாப்பிட்டும் ஆரஞ்சுப் பழம் சாப்பிட்டும் இப்படிச் சிவக்கும் பிள்ளைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். குழம்பு பட்ட இடம் மட்டும் சிவந்து, கழுவியதும் அடங்கினால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான், ஒவ்வாமை அல்ல.

மாமி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். கத்தரிக்காயில் இயற்கையாகவே ஹிஸ்டமின் என்ற அரிப்பு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சிலருக்கு அதைத் தின்றால் நாக்கும் உதடும் அரிக்கும். குறைவாகத்தான் என்றாலும் உண்மையான கத்தரிக்காய் ஒவ்வாமையும் உண்டு. நாட்டு வைத்தியத்தில் தோல் வியாதிக்கு மருந்து தின்கிறவருக்குக் கத்தரிக்காயைப் பத்தியமாக விலக்கச் சொல்வார்கள். மாமியின் பேச்சு அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அது நோயாளிக்குச் சொன்ன கட்டுப்பாடு. தோலில் ஒன்றுமில்லாத பிள்ளைக்குக் கத்தரிக்காய் கரப்பானை வரவழைக்கும் என்பது சரியல்ல. நாம் கரப்பான் என்று சொல்லும் வறண்டு அரிக்கும் தோல் நோய், பிறவியிலேயே தோலின் காப்பு பலவீனமாக இருப்பதால் வருவது. ஒரு காயை நிறுத்துவதால் அது போய்விடாது.

பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். காரணம் செலவு மட்டுமல்ல. ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனையில், பிள்ளை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குக்கூட 'உண்டு' என்று முடிவு வருவது சாதாரணம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முட்டையையும் மீனையும் கோதுமையையும் ஒன்றொன்றாக நிறுத்திவிட்டு, மெலிந்துபோன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதுதான் பெரிய சாட்சி. உங்கள் மகள் இரண்டு மூன்று துண்டு தின்றும் முகச் சிவப்புக்கு மேல் ஒன்றும் வரவில்லையே.

ஆகவே வீட்டிலேயே மெதுவாகத் தொடங்கலாம். சளி, காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், சாயங்காலம் வேண்டாம், காலையிலேயே செய்யுங்கள். எதுவும் ஆனால் பகல் முழுக்கக் கையில் இருக்கும். வாயைச் சுற்றித் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவிவிட்டு, புளியும் வத்தலும் இல்லாமல் வேகவைத்து மசித்த கத்தரிக்காய் அரை டீஸ்பூன் கொடுங்கள். இரண்டு மணி நேரம் கண் வையுங்கள். மறுநாள் இரண்டு டீஸ்பூன். மூன்றாம் நாள் சோற்றோடு பிசைந்து. அந்த மூன்று நாளும் வேறு புதுப் பண்டம் எதுவும் வேண்டாம், இல்லாவிட்டால் எதனால் எது வந்தது என்று தெரியாமல் போகும்.

எப்போது ஓட வேண்டும்

உதடோ கண் இமையோ வீங்கினால், உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், குரல் கம்மினால், இருமலோ இழுப்போ வந்தால், பிள்ளை துவண்டு விழுந்தால், வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கத்தரிக்காய்க்கு மட்டுமல்ல, எந்த உணவுக்கும் இதுதான். இப்படி ஒன்று வந்துவிட்டால் அந்தப் பண்டத்தை மறுபடி வீட்டில் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

கறுத்த தோலும் இரும்புச் சத்தும்

இது நம் ஊரில் வேரூன்றிய ஒரு தப்பெண்ணம். கத்தரிக்காயின் ஊதா நிறம் ஒரு தாவர நிறமி, இரும்பு அல்ல. 100 கிராம் கத்தரிக்காயில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கலோரி 25 அளவில்தான் வரும். இரும்பு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. உங்கள் மகள் வயதுக்கு நம் நாட்டுப் பரிந்துரை நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு. கத்தரிக்காயைக் கொண்டு அதை எட்ட வழியே இல்லை.

அப்படியானால் எதற்கு இத்தனை பாடு என்று கேட்பீர்கள். கத்தரிக்காய் மற்ற உணவுகளைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுசேர்க்க நல்ல துணை. வெந்தால் நாக்கும் மேலண்ணமுமே மசித்துவிடும் அளவுக்கு மெத்தென்று ஆகும். பருப்பு, தேங்காய்ப்பால், முட்டை, மீன் எதைச் சேர்த்தாலும் அதன் ருசியைப் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது உங்கள் வீட்டில் பெரியவர்கள் தின்கிற காய். பிள்ளை அன்று தட்டில் கைவிட்டது கத்தரிக்காய்க்காக மட்டும் இல்லை. எல்லோரும் தின்பதைத் தானும் தின்ன வேண்டும் என்று கைவிட்டது.

மணம் வேறு, எரிப்பு வேறு

ஐந்து வயதுவரை மசாலா கூடாது என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் பின்பற்றியிருக்கிறீர்கள், ஆனால் தேவையில்லை. சீரகம், மஞ்சள், மல்லி, பூண்டு, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை இவையெல்லாம் மணம் தருபவை. ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கியதிலிருந்தே துளித் துளியாகச் சேர்க்கலாம். தாய் தின்னும் பூண்டின் வாசனை தாய்ப்பாலிலேயே வருகிறது, நம் பிள்ளைகளுக்கு அது அந்நியம் இல்லை. வத்தலும் பச்சைமிளகாயும் எரிப்பு தருபவை. அவை விஷம் அல்ல, ஆனால் ஒன்றரை வயதில் அவசரமும் இல்லை. எரிப்பு வாயில் மட்டும் நிற்காது, வெளிக்குப் போகும்போதும் பிள்ளையை அழவைக்கும். தேவையென்றால் நல்லமிளகுப் பொடி ஒரு சிட்டிகை போதும். இரண்டு வயதுக்குப் பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் கண்டிப்பாக இருப்பது உப்பு விஷயத்தில்தான். ஒன்று முதல் மூன்று வயதுவரை, எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். அது ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. பிஸ்கெட், ரொட்டி, மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். கத்தரிக்காயும் கருவாடும் நம்மூரில் பிரியாத ஜோடி என்பது தெரியும். பெரியவர்கள் தின்னட்டும். பிள்ளைக்குக் கருவாடு, அப்பளம், ஊறுகாய் வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் சேர்ந்த நிறமியை மஞ்சளில் கலப்பது நம் நாட்டிலும் பங்களாதேஷிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உங்கள் பக்கத்தில் பல வீட்டு மனையிலேயே மஞ்சள் விளைகிறது. அவித்துக் காயவைத்து வீட்டிலேயே பொடித்தால் அந்தக் கவலையே இல்லை.

ஒரே அடுப்பு, இரண்டு சட்டி

தீயல் வைக்கும் அன்றைக்கே பிள்ளைக்கும் வைக்கலாம். தனிச் சமையல் வேண்டாம்.

காயை இளசாகப் பார்த்து வாங்குங்கள். தோல் பளபளப்பாகவும் கையில் எடுத்தால் பாரமில்லாமலும் இருக்க வேண்டும். முற்றினால் விதை கறுத்துக் கசக்கும். வடசேரி சந்தையில் கிடைக்கும் நீள வழுதலங்காயானாலும் சரி, உருண்டைக் கத்தரிக்காயானாலும் சரி. கத்தரிக்குக் காய்ப்புழுத் தொல்லை அதிகம், அதனால் பூச்சிமருந்தும் அதிகம் அடிப்பார்கள். காம்பின் அடியில்தான் அது தேங்கி நிற்கும். காம்புத் தொப்பியை முழுசாக எடுத்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளைக்கான காயில் தோலையும் சீவிவிடலாம். தோலில் சத்து இருக்கிறதுதான், ஆனால் வெந்தபின் அது ஏடு ஏடாகப் பிரிந்து தொண்டையில் ஒட்டும். இரண்டு வயது தாண்டியபின் தோலோடு கொடுக்கலாம். வீட்டுப் பின்புறம் நான்கு கத்தரிச் செடி வைக்க இடமிருந்தால் அதைவிட நல்லது.

வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், கறுக்காது. இரண்டு தேக்கரண்டி சிறுபருப்பைக் குழைய வேகவைத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த சின்ன உள்ளியையும் ஒரு பல் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்கி, கத்தரிக்காயையும் ஒரு சிட்டிகை மஞ்சளையும் போட்டு, கை அளவு தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். எண்ணெயைக் கொட்டி வதக்கினால் கத்தரிக்காய் அவ்வளவையும் குடித்துவிடும், ஆவியில் வேகட்டும். பத்து நிமிடத்தில், இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் நசுங்கும் பதம் வரும். புளியை இதற்கு முன்னால் ஊற்றிவிடாதீர்கள். புளி பட்ட காய் மெத்தென்று வேக நேரமாகும் என்பது மாமிக்கும் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் சட்டியைப் பிரிக்க வேண்டும். பிள்ளைக்கு நான்கைந்து துண்டைச் சிறிய சட்டிக்கு மாற்றி, வெந்த பருப்பையும், கால் டீஸ்பூன் சீரகத்தோடு மைய அரைத்த இரண்டு தேக்கரண்டித் தேங்காயையும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பெரிய சட்டியில் புளித் தண்ணீரும் வறுத்தரைத்த மசாலாவும் உப்பும் போய்ச் சேரட்டும். உங்களுக்குத் தீயல், பிள்ளைக்குப் பால்நிறக் கறி. வேலை கூடுவது ஐந்து நிமிடம்.

மிக்ஸியை எடுத்து உள்ளே வையுங்கள். 19 மாதத்தில் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் வந்துகொண்டிருக்கும். மெல்லப் பழக வேண்டிய வயதில் கூழையே கொடுத்தால், பிறகு கட்டி தட்டுப்பட்டாலே துப்பும். கரண்டியின் பின்புறத்தால் மசித்து, இரண்டு துண்டை முழுசாகவும் தட்டில் வைத்துவிடுங்கள், கையால் எடுத்துத் தின்னட்டும். சிந்தும், தலையில் தேய்த்துக்கொள்ளும், பரவாயில்லை. கறிவேப்பிலையை மட்டும் பொறுக்கிவிடுங்கள், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குமட்ட வைக்கும். தேங்காய்த் துண்டு, முழு நிலக்கடலை இரண்டும் இந்த வயதில் கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் துப்பினால் 'பிடிக்கவில்லை' என்று எழுதி வைத்துவிடாதீர்கள். ஒரு புது ருசியைப் பிள்ளைகள் ஏற்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகும். துப்பியதைத் திரும்ப ஊட்டாமல், மூன்று நாள் கழித்து மறுபடி தட்டில் வையுங்கள்.

அந்த நாலு பாட்டில்

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு பாட்டில் 200 மில்லி என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 800 மில்லி பால். அதில் 500 கலோரிக்கு மேல் வரும். உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்குத் தேவையானது ஏறக்குறைய 1,000 கலோரி. பாதி வயிறு பாலிலேயே நிரம்பிவிட்டால் பருப்பும் சோறும் எங்கே இறங்கும்? பிள்ளை சாப்பிடவில்லை என்று பால் கொடுக்கிறீர்கள். பால் குடித்ததால் பிள்ளை சாப்பிடவில்லை. இந்தச் சுற்றில்தான் மாட்டியிருக்கிறீர்கள்.

இரத்தம் குறையும் என்று பயந்தீர்களே, அந்தப் பயத்தைக் கத்தரிக்காயிலிருந்து எடுத்து இங்கே வையுங்கள். மாட்டுப்பாலில் இரும்பு மிகக் குறைவு. போதாததற்கு, அதிலுள்ள கால்சியமும் புரதமும் மற்ற உணவிலுள்ள இரும்பையும் உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். கொழுகொழுவென்று வெளுத்து இருக்கும் 'பால் குடிப் பிள்ளை'களில் இரத்தச் சோகையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பால் நாளொன்றுக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி போதும். நான்கு நாளுக்கு ஒரு பாட்டில் வீதம் குறையுங்கள். மிச்சமிருப்பதைச் சின்ன டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். ராத்திரி பாட்டிலோடு தூங்குவதை முதலில் நிறுத்துங்கள், பல் சொத்தையாகும். தாய்ப்பால் இன்னும் இருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது, தாராளமாகத் தொடருங்கள். சாயாவில் பிஸ்கெட் முக்கிக் கொடுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், சாயாவும் இரும்பைத் தடுக்கும்.

இரும்புக்கு முட்டை, ஈரல், முள் நீக்கிய சாளை மீன், பருப்பு, முருங்கைக்கீரை. கீரையும் பருப்பும் கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு நன்றாக ஏறும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் இரும்புச் சத்து மருந்து இலவசம்: வாரத்துக்கு இரண்டு முறை, 1 மில்லி வீதம். கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எடையைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் 9.2 என்று எழுதியதிலேயே கவலை தெரிகிறது. 19 மாதப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 8.2 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக் குறைவு. உங்கள் மகள் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஆனால் பத்திரமான இடத்தில் இருக்கிறாள். ஒரு நாள் எடையைவிட மாதாமாதம் கோடு ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

மாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பது கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. டாக்டர் சொன்னார், நீங்கள் சொன்னது தப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். அன்று பிள்ளை முகம் சிவந்தபோது கழுவி எண்ணெய் தடவியது அவர்தானே, சரியாகத்தான் செய்திருக்கிறார். முதல் அரை டீஸ்பூன் கொடுக்கும் காலையில் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முகத்தை அவரே பார்க்கட்டும். மூன்று நாளும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் கண்ணால் கண்டால், நான் எழுதிய இந்தத் தாளுக்கு வேலையே இருக்காது. நான்காம் நாள் தீயல் வைக்கும்போது, புளி விடும் முன்னே பிள்ளைக்குள்ளதை எடுத்து வைக்க அவரிடமே சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்துப் பிள்ளையின் எடையையும் இரத்த அளவையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போது பால் எத்தனை டம்ளர் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.